வீடு திரும்பிய பிறகு யார் பார்ப்பது?

(திண்டுக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆஸ்பத்திரி வார்டில் "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லும்போது குடும்பத்துக்குப் பாதி நிம்மதி, பாதி திகில். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோன மனிதர். மூக்கில் குழாய், மூத்திரப் பை, சர்க்கரைக்கு ஊசி, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்வார்கள்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. குழாய் வழியா கஞ்சி குடுங்க. புண்ணு வராமப் பாத்துக்கங்க." இந்த மூன்றையும் உங்களுக்குச் சொல்லித்தர, செவிலியர் கல்லூரி மாணவிகளே, கல்லூரி எத்தனை வகுப்பு எடுத்தது, எத்தனை நாள் உங்களை வார்டில் நிற்க வைத்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது வண்டி வந்து நிற்கும் வரைக்குமான நேரம்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பயிற்சி கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மாத்திரை எழுதுவதைப் போலவே கட்டாயமாகச் செய்யவேண்டியது. இதை இப்போது அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நான் அதிகம் வற்புறுத்த நினைப்பது இதற்கு அடுத்த படியை. பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று சொல்லி நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் அந்த வீட்டைக் கைவிட்டுவிடக் கூடாது. குடும்பத்தைப் பழக்குவதும் குடும்பத்தின் தலையில் கட்டுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும். அந்த வீட்டுக் கட்டிலருகே போய் நின்றால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் பெரிதாகிறது? நம்முடைய மருத்துவம் உயிரைக் காப்பாற்றுவதில் தேறிவிட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. முன்பு நான்குவழிச் சாலையில் அடிபட்டவர் பலர் மதுரை போய்ச் சேருமுன்பே இறந்துபோவார்கள். புளிய மரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள் சில மாதங்களில் படுக்கைப்புண்ணாலோ மூத்திரக் கிருமியாலோ போய்விடுவார்கள். இன்று அவர்களில் பலர் பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். முதுமையும் சேர்ந்துகொள்கிறது. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ஒரே உடம்பில் சர்க்கரை, கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, மறதி நோய் என்று நாலும் சேர்ந்திருக்கும் பெரியவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பது வருஷத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் வீடுதான் ஆஸ்பத்திரி.

வீட்டில் நடக்கும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது புட்டத்துக்கு மேலே, இடுப்பின் பக்கவாட்டில், குதிகாலில், உடம்பின் எடை தோலை அழுத்துகிறது. ரத்த ஓட்டம் நிற்கிறது. தோல் உள்ளிருந்து சாகிறது. வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு குழி இருக்கும். முதல் அடையாளம் சிவப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சட்டென்று தெரியாது. ஆகவே கை வைத்துப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். அந்த இடம் மட்டும் சுற்றுத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, இல்லை கொழகொழவென்று இருக்கிறதா, நிறம் கருத்தோ ஊதாவாகவோ மாறியிருக்கிறதா. இதைச் சொல்லில் புரியவைக்க முடியாது. நர்ஸின் விரலும் அந்தப் பெண்ணின் விரலும் ஒரே தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அன்பினால் செய்யும் சில காரியங்களே கேடாக முடிகின்றன. கன்றிப்போன இடத்தில் தேங்காயெண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பார்கள். ஏற்கெனவே நொந்துபோன திசு இன்னும் கிழியும். காற்றடைத்த வளையத்தை வாங்கி அதன்மேல் உட்கார வைப்பார்கள். நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் வராமல் அந்த வளையமே நெரித்துவிடும். துணி நனையக் கூடாதென்று ரெக்ஸின் விரிப்பார்கள். சித்திரை வெயிலில் அதில் வேர்த்து ஊறியே தோல் உரியும். இதற்கெல்லாம் அந்த வீட்டாரைக் குறை சொல்லி என்ன பயன்? யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

திருப்பிப் படுக்க வைப்பதற்கு வருவோம். இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 12 முறை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண், எழுபது கிலோ மாமனாரை, தொய்ந்த கயிற்றுக் கட்டிலில், குனிந்து நின்றபடி திருப்ப வேண்டும். கொஞ்ச நாளில் அவளுக்கும் இடுப்பு போய்விடும். பழைய நூல் சேலையை நாலாக மடித்து அவருடைய தோளிலிருந்து தொடை வரை குறுக்கே விரித்து வைத்து, அதைப் பிடித்து இழுத்தால் பாதி பலம் போதும், தோலும் உராயாது. கட்டிலின் கால்களுக்குச் செங்கல்லை அசையாதபடி முட்டுக்கொடுத்து உயரத்தை ஏற்றினால் இடுப்பு தப்பும். செலவில்லாத ஏற்பாடுகள் இவை. ஆனால் அந்தக் கட்டிலைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். நல்ல மெத்தை இருந்தால் திருப்பும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்பதையும் தோலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நர்ஸ்தான் எடுக்கலாம்.

அடுத்தது விழுங்குவது. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசை சரியாக வேலை செய்யாது. வாய்வழியே கொடுக்க ஆரம்பிக்கும்போது வீட்டில் முதலில் நீட்டுவது தண்ணீர். "தொண்டை காஞ்சு கிடக்கு, ஒரு வாய் தண்ணி ஊத்து" என்று அப்பத்தா சொல்லும். உண்மையில் அந்த நிலையில் தண்ணீரே பெரிய ஆபத்து. அது நீர்த்து, வேகமாக ஓடி, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. சில நாள் கழித்துக் காய்ச்சலும் நிமோனியாவும்தான் வரும். கொஞ்சம் கெட்டியான கேழ்வரகுக் கூழ் பலருக்குத் தண்ணீரைவிடச் சுலபமாக இறங்கும். எந்தப் பதம் யாருக்குச் சரி என்பதைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். குழாய் வழியாகக் கொடுத்தாலும் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்து அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று மூக்கருகே உள்ள குறியைப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களில் சிலர் வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை பையை மாற்ற வேண்டும். மாற்றும்போது கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு நாள் சோம்பல் பட்டால் வயிற்று உறையில் கிருமி தொற்றும். தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் நம் தெருக்களில் ஓடுகிற தண்ணீரில் கை கழுவுவது எப்படி என்பதும் பயிற்சியின் பாடம்தான்.

பார்த்துக்கொள்கிறவரையும் ஆஸ்பத்திரிக்குள் சேர்த்துப் பழக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவரோடு வீட்டார் ஒருவரும் அங்கே தங்குகிறார். தோலைப் பார்ப்பது, நேரம் பார்த்துக் குழாய் விட்டு மூத்திரம் எடுப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் அவர் கைக்குப் பழகிய பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அந்தச் சங்கத்தின் கிராமப் பணியாளர்கள் குழந்தையின் வீட்டுக்கே போய்த் தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டையும் தொடங்கியவர்கள் தங்கள் உடம்பில் பட்டு அறிந்தவர்கள் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவருக்குத்தான், அந்தக் கை எப்படிப் பழகியிருக்க வேண்டும் என்பது தெரியும்.

இனி, பயிற்சி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கசப்பான ஆய்வைச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தால் நோயாளி சீக்கிரம் எழுந்து நடமாடுவாரா என்று இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக்கு அட்டெண்ட் என்று பெயர். 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆஸ்பத்திரியிலேயே பயிற்சியைத் தொடங்கி, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருப்பவர்களும் சேர்த்துப் பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவீதம், பெறாத குழுவிலும் 47 சதவீதம். ஒரு புள்ளிகூட வேறுபாடில்லை. மறுவாழ்வு வேலையைக் குடும்பத்தின் மேல் மாற்றிவிடும் புதிய சேவைகளுக்குப் பணம் போட இந்த முடிவு ஆதரவு தரவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். நேர்மையான வாக்குமூலம் அது.

இதற்கு முன்பே, 2008-இல், கோவாவிலிருந்து வேறொரு ஆய்வு வந்திருந்தது. இரண்டு தாலுகாக்கள், மறதி நோய் உள்ளவர்களின் 81 குடும்பங்கள். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைக் கொஞ்ச நாள் பயிற்றுவித்து, அவர்களை ஆறு மாதம் வீடுவீடாகத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் மனநல மருத்துவரும் ஆலோசகரும் நின்றார்கள். மறதி நோய் குறையவில்லை; அது குறையக்கூடிய நோயும் அல்ல. ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களின் மன உளைச்சல் குறைந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. பிசியோதெரபிஸ்ட் செய்யவேண்டியதை மகளோ மருமகளோ செய்துவிடுவாள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அவள் செய்கிற வேலையில் அவளுக்குத் துணை நின்றால் பலன் கிடைக்கிறது. ஆகவே குடும்பங்களிடம் பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். "இதையெல்லாம் செஞ்சா நடந்திடுவாரு" என்று சொல்லாதீர்கள். நடக்காமல் போனால் தன் கவனிப்பில்தான் குறை என்று அந்தப் பெண் ஆயுளுக்கும் வருந்துவாள். புண் வராமல், புரையேறாமல், குழாய் அடைத்து நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அது பெரிய காரியம். அதற்கும் ஒரு நர்ஸ் பின்னால் நிற்க வேண்டும்.

அந்த நர்ஸ் எங்கிருந்து வருவார்? நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவுக்கு ஒரு நர்ஸையும், ஒரு பிசியோதெரபிஸ்டையும் கொடுத்தது. மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். டயாலிசிஸ் பைகளும் வீடு தேடி வருகின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. நான் இந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். பாராட்டிக்கொண்டே ஒரு கணக்கையும் வைக்கிறேன். ஒரு வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ். ஆத்தூரோ வேடசந்தூரோ நத்தமோ, எத்தனை ஊர், எத்தனை கட்டில் என்று யோசியுங்கள். அவர் ஒரு வீட்டுக்கு மறுபடி வருவதற்குள் அந்த வீட்டில் நூற்றுக்கணக்கான தடவை உடம்பைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஆகவே அவருடைய வருகையில் பெரும்பகுதி புண்ணுக்குக் கட்டுப்போடுவதில் போகாமல், கட்டுப்போடக் கற்றுக்கொடுப்பதிலும் அந்தக் கை சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பதிலும் போக வேண்டும். இடைப்பட்ட நாளில் சந்தேகம் வந்தால் கேட்க அவருடைய போன் எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரும் புட்டத்தையும் குதிகாலையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகப் பழக வேண்டும்.

கேரளத்தில் இதன் அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர்க்காரர்களின் இயக்கமாக வளர்ந்தது. மாநில அரசு 2008-இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இன்று அங்கே பஞ்சாயத்துகளே நர்ஸை வைத்து வீட்டுப் பராமரிப்பை நடத்துகின்றன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்பதுபோல, படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க நர்ஸ் வரவில்லை என்றாலும் அவரைக் கேட்கலாம்.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பாரம்பரியம் உண்டு. டாக்டர் சௌந்திரம் 1947-இல் சின்னாளபட்டியில் ஒரு சிறு மருத்துவ விடுதியாகத் தொடங்கியதுதான் காந்திகிராமத்துக் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. 1964-இல் அதே வளாகத்தைச் சேர்ந்த கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் பிறந்தது. கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவிப்பது எப்படி என்பதை நாட்டுக்கே கற்றுக்கொடுத்த மண் இது. பிரசவம் வீட்டில் நடந்த காலத்தில், வீட்டுக்குள் போய்ச் சொல்லித்தரும் ஆளைத் தயார் செய்தார்கள். இன்று பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. முதுமையும் முடக்கமும் வீட்டுக்கு வந்துவிட்டன. அந்த அனுபவமெல்லாம் இந்தப் புதிய வேலைக்குத் திரும்ப வேண்டும். புதிய அரசு மருத்துவக் கல்லூரியும், இங்குள்ள செவிலியர் கல்லூரிகளும், காந்திகிராமமும் கூடி உட்கார்ந்தால் ஒரு வருஷத்தில் நல்ல பாடத்திட்டம் ஆகிவிடும். சம்பளத்துக்குப் போகும் ஹோம் நர்ஸ்களுக்காவது இப்போது சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. சொந்த வீட்டில் பார்ப்பவருக்குத்தான் ஒன்றுமில்லை.

பயிற்சி வைக்கும்போது நேரம் பார்த்து வையுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை பத்து மணிக்கு வகுப்பு என்று அறிவித்தால் யார் வருவார்கள்? வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்டுக்குப் போகும் மருமகளுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை எடுப்பவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் ராத்திரியெல்லாம் விழித்திருப்பார். படுக்கையில் கிடப்பவரைத் தனியே விட்டுவிட்டு வகுப்புக்கு வரவும் முடியாது. வகுப்பு அவர்கள் தெருவுக்குப் போக வேண்டும். கற்றுக்கொள்ளும் அந்த இரண்டு மணி நேரம் நோயாளியோடு இருக்க ஒரு செவிலிய மாணவியோ மாணவரோ கூடப் போக வேண்டும். மாணவர்களே, சமுதாயச் செவிலியப் பாடத்துக்காக நீங்கள் எப்படியும் கிராமத்துக்குப் போகத்தானே போகிறீர்கள்.

ஆண்களையும் கூப்பிடுங்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனிக்கும் ஊதியமில்லா வேலையில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளுக்குச் சராசரி 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். தூக்கிவிடுவதற்குப் பலமுள்ளவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, இடுப்பு நொந்தவள் தூக்குகிறாள். அப்பாவுக்கு மூத்திரப் பையைக் காலி செய்ய மகன் கூச்சப்பட வேண்டியதில்லை. பல அப்பாக்களுக்கு மருமகள் செய்வதைவிட மகன் செய்வதே மானத்தைக் காப்பாற்றும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நர்ஸ் சொன்னால் கேட்பார்கள்.

கடைசியாகப் பணம். ஒரு பெண் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் இழப்பது ஒரு முழுச் சம்பளம். மருந்துச் செலவு கூடும் அதே மாதத்தில் வரவு குறைகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிகத் துணை தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றி 24-ஆம் பிரிவில் பேசுகிறது. கேரளத்தின் ஆஸ்வாசகிரணம் திட்டம் படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்கென்று மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. தொகை சொற்பம். ஆனால் பணம் பார்த்துக்கொள்கிறவருக்கு. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. பக்கவாதம் வந்து கிடக்கும் எழுபது வயதுக்காரரின் வீட்டார் பலருக்கு, அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதே தெரியாது. சான்றிதழ் எங்கே வாங்குவது, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பதும் பயிற்சியின் முதல் நாள் பாடமாக இருக்கட்டும். புண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மறுநாளும் வருவார்கள்.

இந்த அறக்கட்டளையாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, நிலக்கோட்டை வட்டாரத்தில் ஏதாவது ஒரு பூக்கிராமத்தில், பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய மதிய நேரத்தில், முதல் வகுப்பை நடத்துங்கள். வட்டாரத்து நர்ஸை அழையுங்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவிகளும் மாணவர்களும் பழைய நூல் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். நானும் வருகிறேன்.